நன்கொடையாளர் பட்டியல்: இன்டிசைன் அட்டவணையில் அகரவரிசையும் கூட்டுத்தொகையும்

டெல்லியில் ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலரை வடிவமைக்க ஒப்புக்கொண்டால் வேலையில் பாதி நன்கொடையாளர் பட்டியலில்தான் போகும். கட்டுரையில் ஓர் ஒற்று விடுபட்டால் பொறுத்துக்கொள்வார்கள். தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றாலோ, கொடுத்த தொகையில் ஒரு சுழி குறைந்திருந்தாலோ மனம் வருந்தும். அந்த வருத்தம் நியாயமானது. ஓய்வூதியத்திலிருந்து 501 ரூபாய் எடுத்துக் கொடுத்தவருக்கும் அந்தப் பக்கத்தில் உரிமை உண்டு.

கிழக்கு டெல்லியில் உள்ள ஒரு கோயிலுக்காக அண்மையில் இப்படி ஒரு மலர் செய்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். வரிசை எண், பெயர், பகுதி, தொகை என்று நான்கு பத்திகள். அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் அமைத்த அட்டவணையை அங்கேயே அகரவரிசைப்படுத்தவும், அங்கேயே பகுதிவாரியாகக் கூட்டவும் ஒரு ஸ்கிரிப்ட் (மென்பொருளுக்குள் ஓடும் சிறு நிரல்) எழுதிக்கொண்டேன். தமிழ்ப் பட்டியலோடு மல்லுக்கட்டும் மற்ற வடிவமைப்பாளர்களுக்குப் பயன்படும் என்பதால் செய்த விதத்தை எழுதி வைக்கிறேன்.

எக்செலில் வரிசைப்படுத்திவிட்டுப் பக்கத்துக்குக் கொண்டுவந்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். பட்டியல் எக்செலில்தான் வந்தது. ஆனால் முதல் மெய்ப்பு கோயில் கமிட்டிக்குப் போன நிமிடத்திலிருந்து அந்த எக்செல் கோப்பு பழசாகிவிட்டது. ஒருவர் சிவப்பு மையில் திருத்தினார், ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினார், ஒருவர் தொலைபேசியில் எழுத்துக் கூட்டிச் சொன்னார். எல்லாத் திருத்தமும் பக்கத்தில்தான் ஏறியது. எக்செல் கோப்பை இணைப்பாக வைத்துப் புதுப்பிக்கும் வசதி இன்டிசைனில் இருக்கிறது. ஆனால் இணைப்பைப் புதுப்பித்தால் பக்கத்தில் கைப்படச் செய்த திருத்தமும் வடிவமும் அழிந்துபோகும். திருத்தம் எங்கே சேர்கிறதோ அங்கேதான் உண்மையான பட்டியல் இருக்கிறது. வரிசைப்படுத்துவதும் கூட்டுவதும் அங்கேயே நடக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இன்டிசைனில் அட்டவணை வசதி 2002-இல் 2.0 பதிப்போடு வந்தது. இத்தனை ஆண்டுகளாகியும் வரிசைப்படுத்தும் கட்டளையோ கூட்டும் சூத்திரமோ அதில் இல்லை. அதே நிறுவனத்தின் ஃபிரேம்மேக்கரில் அட்டவணையை வரிசைப்படுத்தலாம். வேர்டில் ஒரு கட்டத்தில் சூத்திரம் போட்டு மேலே உள்ள எண்களைக் கூட்டலாம். லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் இரண்டும் முடியும். இன்டிசைன் நமக்கு விட்டுவைத்திருக்கும் வழி ஸ்கிரிப்ட்ஸ் பேனல் ஒன்றுதான். அதன் வழக்கமான எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்ட் மொழி, 1999-இல் வகுக்கப்பட்ட மூன்றாம் பதிப்பு ஜாவாஸ்கிரிப்டை அடிப்படையாகக் கொண்டது. மொழிவாரி அகரவரிசை பற்றி அதை நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது. இரண்டு சொற்களை ஒப்பிடச் சொன்னால், கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய யூனிகோட் எண்களை ஒப்பிடும். தமிழுக்குச் சிக்கல் தொடங்கும் இடமே இதுதான்.

யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் எண் வரிசை நம் அகராதி வரிசை அல்ல. ‘ந’ 2984, ‘ன’ 2985, ‘ப’ 2986. அதாவது கடைசி மெய்யான ‘ன’, ‘ந’வுக்கும் ‘ப’வுக்கும் இடையில் உட்கார்ந்திருக்கிறது. ‘ர’வை அடுத்து ‘ற’, ‘ல’வை அடுத்து ‘ள’வும் ‘ழ’வும், அதற்குப் பிறகுதான் ‘வ’. ‘ஜ’ என்பது ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவில். இந்த இடமாற்றங்கள் பெயரின் முதலெழுத்தைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை. ‘ற’விலோ ‘ழ’விலோ தொடங்கும் பெயர் ஏது? பெயரின் நடுவில்தான் வேலையைக் காட்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளிக்கு யூனிகோடில் 3021 என்ற எண். எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வருகிறது. கண்ணன், கணபதி, கணேசன் ஆகிய மூவரையும் கணினியிடம் விட்டால் கணபதி, கணேசன், கண்ணன் என்று அடுக்கும். ‘ண’வுக்குப் பின் கணபதியில் வருவது ‘ப’, 2986. கணேசனில் ஏகாரக் குறி, 3015. கண்ணனில் புள்ளி, 3021. அகராதி பார்த்துப் பழகியவர் ‘ண்’ முதலில், ‘ண’ அடுத்து, ‘ணே’ அதன் பிறகு என்று கண்ணன், கணபதி, கணேசன் என்ற வரிசையில்தான் தேடுவார். கண்ணன்களும் கணேசன்களும் நிறைந்த பட்டியலில் இது சின்ன விஷயம் அல்ல.

தீர்வு எளிது. பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண் கொடுத்து, அவற்றைச் சேர்த்து ஒரு சாவி செய்தேன். முதல் இரண்டு இலக்கம் எழுத்தின் இடம். அடுத்த இரண்டும் அதன் மேல் ஏறிய உயிர். அ 0100, ஆ 0200 என்று போய் ஔ 1200, ஃ 1300. பிறகு மெய்கள்: க-வுக்கு 14 தொடங்கி ன-வுக்கு 31 வரை. புள்ளி இருந்தால் 00, அகரம் 01, ஆகாரம் 02, இப்படியே ஔகாரம் 12. அப்போது கண்ணன் 1401 1900 1901 3100. கணபதி 1401 1901 2201 2003. கணேசன் 1401 1908 1601 3100. இந்தச் சாவிகளைச் சாதாரணமாக ஒப்பிட்டாலே சரியான வரிசை வந்துவிடும். ஒருவர் பெயர் இன்னொருவர் பெயரின் தொடக்கமாக இருந்தால் (முத்து, முத்துசாமி) குட்டையானது தானாக முன்னால் நிற்கும்.

கிரந்த எழுத்துகளுக்கு 32 முதல் 36 வரை: ஜ, ஶ, ஷ, ஸ, ஹ. ஜெயராமனும் ஹரிஹரனும் வகர வரிசைக்கும் பின்னால் போவதைக் கமிட்டியில் சிலர் விரும்பவில்லை; ‘ச’வோடு ‘ஜ’வையும் ‘ஸ’வையும் சேர்க்கச் சொன்னார்கள். நான் இணங்கவில்லை. நூலகத்திலும் அகராதியிலும் உள்ள வழக்கம் இருக்கும்போது மலருக்கு மலர் ஒரு வரிசை கண்டுபிடித்தால் தேடுகிறவருக்குத்தான் சிரமம். பொருளாளர் என் பக்கம் நின்றார்.

சாவி செய்வதற்கு முன் பெயர்களைத் துலக்க வேண்டும். ஆயிரம் பெயர்களில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருப்பவை எத்தனையோ. ‘சௌந்தரராஜன்’ என்பதை ஔகாரக் குறியோடும் எழுதலாம். ‘செ’ எழுதி அடுத்து ‘ள’ தட்டினாலும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே மாதிரி தெரியும். பின்னதை வரிசைப்படுத்தினால் அவர் ‘செல்வம்’ பக்கத்தில் போய் நிற்பார். சௌந்தரராஜன், கௌரி, மௌலி, பௌர்ணமி என்று வழக்கமாக வரும் பெயர்களுக்கு ஒரு மாற்றுப் பட்டியல் வைத்தேன். எல்லா ‘ெள’வையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது, ‘வெள்ளையன்’ சிதைந்துபோவார். ‘கொ’வின் ஒகரக் குறி ஒரே எண்ணாகவும் (3018) வரும், ‘ெ’, ‘ா’ என்று இரண்டு எண்களாகவும் (3014, 3006) வரும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை நிறைய. இதை மட்டும் தயங்காமல் ஒன்றாக்கலாம். யூனிகோடே இரண்டும் சமம் என்று சொல்கிறது. ‘ஸ்ரீ’யின் கதையும் இப்படித்தான்: 2005-இல் ‘ஶ’ யூனிகோடில் சேர்ந்ததிலிருந்து ‘ஸ்’ கொண்டு எழுதிய ஸ்ரீயும் ‘ஶ்’ கொண்டு எழுதிய ஶ்ரீயும் கலந்தே கிடக்கின்றன. ஸ்ரீதரன்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்காமலிருக்க, சாவியில் மட்டும் இரண்டையும் ஒன்றாக்கினேன். அச்சில் அவரவர் எழுத்து அப்படியே இருக்கிறது. வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிய பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற குறிகளும் (8203, 8204, 8205) ஒட்டிக்கொண்டு வரும். அவற்றையும் சாவியிலிருந்து நீக்கினேன்.

தலைப்பெழுத்து விஷயத்தில் கமிட்டிக்கும் எனக்கும் ஒரே மனம்: ‘எஸ். முருகன்’ மகர வரிசையில் வர வேண்டும், எகரத்தில் அல்ல. விதி இதுதான். கடைசி முற்றுப்புள்ளிக்குப் பின்னால் இருப்பதே பெயர். ‘திரு.’, ‘டாக்டர்.’, ‘டி.எஸ்.’ எல்லாம் இந்த ஒரே விதியில் கழன்றுவிடும். புள்ளி இல்லாத ‘திருமதி’, ‘செல்வி’, ‘டாக்டர்’ போன்றவற்றுக்குத் தனிப் பட்டியல். ‘கோபாலன் ஆர்.’ என்று பின்னால் தலைப்பெழுத்து வந்தால் கடைசிப் புள்ளிக்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாது. அப்போது ஸ்கிரிப்ட் ஊகிக்காமல் அந்த வரியின் எண்ணை ஓர் அறிக்கையில் எழுதிவிடும். தம்பதியர் பெயர்கள், கடைப் பெயர்கள், ‘பெயர் வெளியிட விரும்பாத அன்பர்’ ஆகியவற்றையும் அப்படியே என் பார்வைக்கு விட்டேன். மனிதர் பெயரை இயந்திரம் யூகிப்பதைவிட நான் நாற்பது பெயரைக் கையால் பார்ப்பது நல்லது. இராமநாதனும் ராமநாதனும் அவரவர் எழுதும் எழுத்திலேயே இருக்கிறார்கள். அதைத் திருத்த நமக்கு அதிகாரம் இல்லை.

இனி அட்டவணையைத் தொடும் பகுதி. ஒவ்வொரு கட்டமாகப் படித்து எழுதினால் இன்டிசைன் தவழும். பல பக்கங்களில் ஓடும் அட்டவணையில் ஒரு கட்டம் மாறினாலே பின்னால் உள்ள பக்கங்களை மறுபடி கணக்கிடும். அதனால் முழு அட்டவணையின் உள்ளடக்கத்தையும் ஒரே மூச்சில் வாங்கி, நினைவகத்தில் வரிசைப்படுத்தி, ஒரே மூச்சில் திருப்பி எழுத வேண்டும். திரை புதுப்பித்தலையும் அந்த நேரத்துக்கு நிறுத்தி வைக்கலாம். முழு ஸ்கிரிப்டையும் ஒரே ‘அண்டூ’வில் திரும்பப் பெறும்படி ஓட்டுவது மிக முக்கியம், அந்த வசதி இருப்பதால்தான் இத்தனை பெயர்களைத் துணிந்து கலைக்க முடிகிறது. தலைப்பு வரிகளை எண்ணித் தள்ளிவிட்டு உடல் வரிகளை மட்டும் எடுக்க வேண்டும். இணைக்கப்பட்ட கட்டம் ஒன்று இருந்தாலும் வரிக்கு வரி கட்ட எண்ணிக்கை மாறி, பெயர் ஒருவருடையதும் தொகை இன்னொருவருடையதுமாக ஆகிவிடலாம். ஆகவே எல்லா வரியிலும் நான்கு கட்டங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்து, இல்லையென்றால் வேலையே தொடங்காமல் நின்றுவிடும்படி எழுதினேன். சம சாவி உள்ள இரண்டு வரிகள் ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் மாறாமலிருக்க, சாவியின் வாலில் பழைய வரி எண்ணையும் சேர்த்தேன்.

இப்படித் திருப்பி எழுதினால் கட்டத்துக்குள் ஒரு சொல்லுக்கு மட்டும் கொடுத்த தடித்த எழுத்தும், ஒட்டிய சின்னப் படமும் போய்விடும். பெருந்தொகை கொடுத்தவர்களின் பெயர் தடித்த எழுத்தில் வர வேண்டும் என்பது கமிட்டியின் முடிவு. அதைக் கையால் செய்யாமல், வரிசைப்படுத்தி முடிந்ததும் தொகையைப் பார்த்து ஸ்கிரிப்டே பத்திப் பாணியை (எழுத்தின் தோற்றத்தை வரையறுக்கும் ‘பாராகிராஃப் ஸ்டைல்’) மாற்றும்படி செய்தேன். வரிசை எண்ணைத் தட்டச்சு செய்யாமல், தானாக எண்ணிடும் பத்திப் பாணியில் வைத்துவிட்டால், பெயர்கள் எப்படி இடம் மாறினாலும் 1, 2, 3 ஒழுங்காக நிற்கும். ஒன்றை மட்டும் நினைவூட்ட வேண்டும்: பத்திப் பாணியில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் விழும்.

தொகைப் பத்தி இன்னும் பொறுமை கேட்டது. 5000, 5,000, ரூ. 5,000, ₹5,000, 5,000/-, 1,00,001 என்று விதவிதமாக இருந்தன. பொதுவாகக் கிடைக்கும் கூட்டல் ஸ்கிரிப்டுகள் இலக்கத்தையும் புள்ளியையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நீக்கிவிட்டு எண்ணாக மாற்றும். ‘ரூ. 5,000’ என்பதில் ‘ரூ’ போகும், காற்புள்ளி போகும், ‘ரூ’வின் பக்கத்துப் புள்ளி மட்டும் நிற்கும். மிஞ்சுவது .5000; ஐயாயிரம் கொடுத்தவர் கணக்கில் ஐம்பது காசு. எந்தப் பிழைச் செய்தியும் வராது, கூட்டுத்தொகை மட்டும் குறையும். அதனால் முதலில் ‘ரூ.’, ‘ரூபாய்’, ‘₹’, ‘/-’ ஆகியவற்றைப் பெயர் சொல்லி நீக்கினேன். பிறகும் இலக்கம், காற்புள்ளி, காசுக்கான புள்ளி தவிர வேறெதாவது மிஞ்சினால் அந்த வரி கூட்டலில் சேராது, அறிக்கைக்குப் போகும். ‘அரிசி 25 கிலோ’ இருபத்தைந்து ரூபாயாகக் கூட்டப்படாமல் தப்பியது இந்த விதியால். முன்சுழியோடு ‘0501’ என்று இருந்தால் பழைய ஜாவாஸ்கிரிப்ட் அதை எட்டின் அடிமானத்தில் படித்து 321 ஆக்கிவிடக்கூடும். பத்தின் அடிமானம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் காசாக்கி முழு எண்ணாகவே கூட்டினேன். அச்சிடும்போது கடைசி மூன்று இலக்கத்தை விட்டு, அதற்கு முன்னால் இரண்டிரண்டாகக் காற்புள்ளி.

பகுதிவாரிக் கூட்டுக்கு முன்பு, பட்டியலில் உள்ள பகுதிப் பெயர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தேன். மயூர் விஹார், மயூர் விகார், மயூர்விஹார் என்று ஒரே ஊர் மூன்றாக இருந்தது. ஆர்.கே. புரம், ராமகிருஷ்ணபுரம் என்று இன்னொன்று. நொய்டாவும் குருகிராமும் கூட இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தன. அதைச் சீராக்காமல் கூட்டியிருந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் கணக்கு உடைந்திருக்கும்.

கூட்டிய தொகையைப் பொருளாளரின் பேரேட்டோடு ஒப்பிட்டபோது பக்கத்தில் 2,700 ரூபாய் கூடுதலாக இருந்தது. அவர் மத்திய அரசில் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

“வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா, தம்பி?”

“வகுபடுகிறது, சார். முந்நூறு முறை.”

“அப்படியானால் எங்கோ பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறியிருக்கும். 900-இன் மூன்று மடங்கு என்பதால் ஆயிரத்திலும் நூறிலும் பாருங்கள். ஆயிரத்தின் இலக்கம் நூறின் இலக்கத்தைவிட மூன்று கூடுதலாக இருக்கும்.”

இதை ஸ்கிரிப்டுக்குச் சொல்வது இரண்டு வரி வேலை. சல்லடையில் 3,001 என்ற தொகைகள் சில நின்றன; அவை வழக்கமான தொகைகள். அவற்றோடு ஒரே ஒரு 5,201. கோயிலுக்கு 501, 1,001, 2,501, 5,001 என்று கொடுப்பார்களே தவிர 5,201 கொடுப்பவர் அரிது. ரசீது நகலைப் புரட்டினோம்: 2,501. அந்த முதியவரின் கணக்குப் பயிற்சிக்கு முன் என் ஸ்கிரிப்ட் வெறும் கைவேலை. அந்தச் சல்லடையை இப்போது நிரந்தரமாகச் சேர்த்திருக்கிறேன்: எதிர்பார்த்த கூட்டுத்தொகையைக் கொடுத்தால், வித்தியாசத்தைப் பார்த்துச் சந்தேகத்துக்குரிய வரிகளைக் காட்டும்.

வரிசைப்படுத்துவதற்கு முன்பும் பின்பும் வரி எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் தானே சரிபார்த்து, மாறியிருந்தால் சத்தம் போடும். இது மட்டும் போதாது. பெயரும் தொகையும் ஜோடி மாறினால் கூட்டுத்தொகை மாறாது. எனவே ஒவ்வொரு வரியின் பெயர், பகுதி, தொகை மூன்றையும் ஒட்டி ஒரு சரமாக்கி, முன்பிருந்த சரங்கள் அனைத்தும் பின்பும் இருக்கின்றனவா என்றும் பார்க்கிறது.

பக்கக் கூட்டும் வேண்டும் என்றார் பொருளாளர். பேரேட்டில் பழகிய கண். அட்டவணையின் அடி வரி இதற்கு உதவாது, அது எல்லாப் பக்கத்திலும் ஒரே வாசகத்தையே திரும்பக் காட்டும். ஒவ்வொரு வரியும் எந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது என்று இன்டிசைனிடம் கேட்டு, பக்கவாரியாகக் கூட்டி, அட்டவணைக்குக் கீழே தனியாக வைத்த சிறு உரைச் சட்டத்தில் எழுதினேன். நீளமான பெயர் இரண்டு வரியாக மடிந்து பட்டியல் நகர்ந்தால் இந்தக் கூட்டுகள் எல்லாம் மாறும். ஆகவே இதை எல்லாவற்றுக்கும் கடைசியில், கட்டங்களில் எழுத்து வழிந்து மறைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு ஓட்ட வேண்டும். மறைந்த எழுத்து உள்ள கட்டத்தைச் சிவப்புப் புள்ளி காட்டும். ஆயிரம் வரியில் அதைக் கண்ணால் தேடாமல் ஸ்கிரிப்டிலேயே கேட்டுவிடலாம்.

இந்த அளவு கறாராக இருப்பதற்கு டெல்லியில் ஒரு காரணம் உண்டு. நாராயணா பகுதியில் உள்ள அச்சகத்தில் பிளேட் (அச்சுத் தகடு) எடுப்பவர்கள் தங்கள் தொழிலில் தேர்ந்தவர்கள், ஆனால் தமிழ் படிப்பவர் யாரும் அங்கே இல்லை. சென்னையிலோ சிவகாசியிலோ கடைசி நிமிடத்தில் யாராவது ஒருவர் “இது என்ன, கொம்பு தனியாக நிற்கிறதே?” என்று கேட்டுவிடுவார். இங்கே கேட்க ஆளில்லை. எழுத்துருக்கள் உட்பொதிந்த பிடிஎஃப் நம் மேசையை விட்டுப் போனதும் திருத்தம் முடிந்தது.

ஃபாரம் (சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி) மூடும் முன்தினம் வரை பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் அட்டவணையின் கடைசியில் வரி சேர்த்து, ஸ்கிரிப்டை ஓட்டி, அறிக்கையைப் பொருளாளருக்கு அனுப்பினேன். இனிச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்டிசைன் 2023 பதிப்பிலிருந்து அடோபியின் புதிய ஸ்கிரிப்ட் முறையான யூஎக்ஸ்பி-யில் எழுதியவையும் ஓடுகின்றன. சாவி செய்யும் பகுதியை அதற்கு மாற்றி எழுதி, மாற்றுப் பட்டியலையும் பகுதிப் பெயர்களையும் தனிக் கோப்பாகப் பிரித்துவிட்டால், ஸ்கிரிப்ட் தெரியாத வடிவமைப்பாளரும் தன் ஊர்ப் பெயர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த மலருக்கு முன்னால் அதை முடிக்கப் பார்க்கிறேன்.